தாடியில்லாத ஆறு பேர்

அவர் வீட்டில் ஏசி கிடையாது. முப்பத்து நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் குளிர் கொடுத்துக்கொண்டிருக்கும் மனிதர், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு அவர் மனைவியிடம் ஒரே பதில்தான் இருந்தது: "நாள் முழுக்க அதோட மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருக்காரு. வீட்டுலயும் எதுக்கு?"

தெருவில் அவருக்குக் 'கூலிங்' என்று பெயர். நேரில் கூப்பிடும்போது பின்னால் ஒரு 'அண்ணே' சேர்த்துக்கொள்வார்கள். வங்கிக் கிளை ஒன்று, ஒரு பெரிய துணிக்கடை, பல் மருத்துவமனை, இன்னும் பத்துப் பதினைந்து வீடுகள் என்று அவர் கைவசம் நிரந்தரமான இடங்கள் இருந்தன. மெஷினைத் திறப்பதற்கு முன்னால் அவர் அதைக் கேட்பார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கம்ப்ரஸர்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். உள்ளே எது தேய்கிறது, எது தளர்ந்திருக்கிறது, கேஸ் இருக்கிறதா போய்விட்டதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தூரத்திலிருந்து யாராவது ஃபோன் செய்து மெஷின் கோளாறு என்றால், "ஃபோனை அதுகிட்ட வைங்க" என்பார். பாதி வியாதிகளை அப்படியே சொல்லிவிடுவார். முழங்கால் தேய்ந்து ஏணி ஏறுவது சிரமமான பிறகு இந்த வித்தை இன்னும் உபயோகப்பட்டது.

மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து மேற்பார்வைக்கு வந்தவள். படுக்கை விரிப்புகளையும் அறுவைசிகிச்சைத் துணிகளையும் சலவைக் காரத்தில் வேகவைத்து அலசி எடுத்த வேலை. இப்போது அவள் கையை நேரடியாகத் தண்ணீருக்குள் விடுவதில்லை. ஆனாலும் பழைய நாட்கள் விரல் நுனிகளில் ரேகை இல்லாமல் தங்கிவிட்டன. வங்கியில் கைரேகை வைக்கப் போனால் மெஷின் அவளை ஆளாகவே ஒப்புக்கொள்ளாது.

ஒரே மகள். கல்யாணமாகி ஐந்து வருஷம். பாதி வருஷம் பனி கொட்டும் தூர தேசம் ஒன்றில் புருஷனோடு இருந்தாள். அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டிப் பிரித்து வைக்கும் வேலை. போன வருஷம், வெயில் கொஞ்சம் இறங்கிய மாதத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்றாள். மாப்பிள்ளை வரவில்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். அம்மா அவள் கழுத்தையும் கையையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் பார்த்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு நடுவே, ஈரப் பாசியில் சுற்றி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஒன்பது கிழங்குத் துண்டுகள் இருந்தன. விரல் தடிமன். கீழே கற்றையாகப் பழுப்பு வேர், மேலே ஒரு சாண் விட்டு வெட்டிய மெல்லிய இலை. மண் ஒரு துளிகூட இல்லாமல் கழுவி, விமான நிலையத்தில் காட்டுவதற்குச் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தாள்.

"இது சமைக்கிறதா, நடுறதா?" என்றாள் அம்மா.

நடுவதுதான் என்றாள் மகள். ஐரிஸ் என்று பெயர். அங்கே அவள் வீட்டுத் தோட்டத்தில் முதன்முதலாகத் தன் கையால் வைத்தது. அதில் இரண்டு கூட்டம் உண்டாம். ஒன்றுக்குப் பூவின் கீழிதழில் பொசுபொசுவென்று மயிர் இருக்கும், தாடி மாதிரி. அது வெயிலிலும் காய்ந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்றுக்குத் தாடி கிடையாது, இதழ் மொழுமொழுவென்று இருக்கும். கால் நனைந்துகொண்டே இருக்க வேண்டும், மண் புளிப்பாக இருக்க வேண்டும், வேர் ஒரு மணி நேரம்கூடக் காயக்கூடாது. இவள் கொண்டு வந்தது தாடியில்லாதது. அதிலும் கடுங்குளிர் தேசத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ரகம். இரண்டு மூன்று மாதம் நல்ல குளிர் படாவிட்டால் பூக்கவே பூக்காது.

அம்மா திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவரம் செய்துகொள்கிறவர். "அப்ப உங்கப்பா எந்தக் கூட்டம்னே தெரியல. ஞாயித்துக்கிழம ஒண்ணு, சனிக்கிழம ஒண்ணு" என்றாள். வந்த இரண்டு நாளில் மகள் சிரித்தது அதற்குத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் செடிகளுக்குத் 'தாடியில்லாதவங்க' என்று பெயர்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், அப்பா தனியாக இருக்கும்போது வந்து கேட்டாள். "ஒரு வருஷம் வச்சிருங்கப்பா. நாங்க வீடு மாறப் போறோம். மாறினதும் வந்து எடுத்துக்கறேன்."

அந்தக் குளிரில் வளர்கிற சாமானை இந்த வெயிலுக்கு எதற்கம்மா தூக்கி வந்தாய், அங்கேயே தெரிந்தவர்கள் யாரிடமாவது விட்டிருக்கலாமே என்றார் அவர்.

"அங்க யார்கிட்டயும் கேக்கற மாதிரி இல்லப்பா" என்றவள், உடனே சமாளித்துக்கொண்டு, "நீங்கதான் குளிருக்கே மெக்கானிக்காச்சே" என்றாள்.

அந்த முதல் வாக்கியம் அவர் காதில் நின்றுவிட்டது. எங்கோ ஒன்று தளர்ந்திருக்கும் சத்தம் அது. ஆனால் மூடியைத் திறந்து பார்க்கிற உரிமை அவருக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. சரி, வைத்துவிட்டுப் போ என்றார்.

மனைவிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மகள் ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே ஃபோனில் நேராகக் கேட்டுவிட்டாள்: உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன? ஒன்றுமில்லையே என்று பதில் வந்தது. அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஃபோன் வரவில்லை. இவர்கள் அடித்தாலும் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று இரண்டு வார்த்தையில் செய்தி மட்டும் வந்தது. நாலாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒன்றுமே நடக்காததுபோல அவளே கூப்பிட்டாள். வீடியோ வேண்டாம், சிக்னல் சரியில்லை என்றாள். "செடி எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. செடியைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். வேறு எதைக் கேட்டாலும் சிக்னல் போய்விடும். முன்பெல்லாம் இரண்டு நிமிஷம் வந்து பேசிவிட்டுப் போகும் மாப்பிள்ளையின் குரல் இப்போது வருவதில்லை. கேட்க நினைத்ததையெல்லாம் இருவரும் விழுங்கிக்கொண்டு இலையையும் வேரையும் பேசினார்கள். செடி இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். அவள் குரலைக் கேட்டுச் சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா என்று ஊகித்துக்கொள்ளலாம். செடி போனால் அதுவும் போய்விடும். இதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

முதல் நாற்பது நாளில் மூன்று அழுகிவிட்டன. பெரிய பிளாஸ்டிக் டிரம்களைக் குறுக்கே அறுத்துத் தொட்டியாக்கி, கழற்றிப்போட்ட ஏசிகளின் அடித்தட்டுகளில் தண்ணீர் தேக்கி அவற்றை நிறுத்தி, பின்சுவரோரம் அடுத்த வீட்டு நிழல் விழும் இடமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார். பகல் சூட்டில் அந்தத் தண்ணீரே கொதித்துக் கிழங்கை அவித்துவிட்டது. நர்சரிக்காரரைக் கூட்டி வந்து காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போதே தலையை ஆட்டினார். "அண்ணே, இது நம்ம வெயிலுக்கு ஆகிற ஐட்டமே இல்ல. ரெண்டு ரோஜாப் பதியன் தரேன், அத வச்சுட்டு நிம்மதியா இருங்க." அண்ணனுக்கு நிம்மதி தேவைப்படவில்லை. தட்டுகளை எடுத்துவிட்டு, தொட்டிகளைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினார்.

மிஞ்சிய ஆறும் வெளுத்துக்கொண்டு வந்தன. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மகளிடம் சொன்னதற்கு, தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும், அது மண்ணின் புளிப்பைக் கொன்றுவிடும் என்றாள். வழி கண்டுபிடித்தது மனைவிதான். அலசிய துணியில் காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் உண்டு. அதில் நாலைந்து துண்டு கொண்டு வந்தாள். குழாய்த் தண்ணீரில் நனைத்ததும் காகிதம் கரும்பச்சையாகியது; அவ்வளவு காரம். இந்தத் தண்ணீரில்தானே இத்தனை வருஷமாகச் சமைக்கிறோம் என்று இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள், "உங்க மெஷின் சொட்டுச் சொட்டா ஒழுக விடுதே, அதுல நனைச்சுப் பாத்தா என்ன?" என்றாள்.

மறுநாள் வங்கியில், ஏசித் தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாய்க்கு அடியில் காகிதத்தைக் காட்டினார். அதன் இளமஞ்சள் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது; காரமே இல்லை.

அதிலிருந்து அவர் போகும் இடங்களிலெல்லாம் டிரெயின் குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளை கேன் நின்றது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒன்று, பின் இருக்கையில் கட்டி ஒன்று என்று சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவார். துணிக்கடையின் கல்லாக்காரர், "ஏசி ஒண்ணுக்குப் போறதக்கூட விட மாட்டீங்களா அண்ணே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். மகளுடைய செடிக்கு என்று சொன்னதும் அவரே மறுநாள் இன்னொரு கேன் வாங்கி வைத்திருந்தார். மூன்று வாரத்தில் இலைகளில் பச்சை திரும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பதினெட்டு நிமிஷம் பேசினாள். மனைவி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது.

அடுத்தது குளிர். அது தன் கையில் இருக்கிற விஷயம் என்று அவர் தைரியமாக இருந்தார். குளிர்பானக் கம்பெனி கழித்துப் போட்ட கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து, கம்ப்ரஸரை மாற்றி, தெர்மோஸ்டாட்டை நாலு டிகிரியில் நிறுத்தினார். இலைகளைக் கத்தரித்து ஆறு தொட்டிகளையும் உள்ளே அடுக்கினார். பெட்டி நின்றது கூடத்தில். வேறு இடம் இல்லை. வருகிறவர்கள் கண்ணாடிக்குள் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பார்கள். "மனுஷனுக்கு ஃபேனு, புல்லுக்கு ஏசி" என்பாள் மனைவி. ஆனால் கரண்ட் போனால் முதலில் எழுந்து ஓடிப் போய்ப் பெட்டிமேல் கம்பளியைப் போர்த்துகிறவளும் அவள்தான். கரண்ட் போகும் நேரங்களில் அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நாலு, ஐந்து, ஏழு, ஒன்பது. மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து அடுக்கியதும் உண்டு.

எண்பது நாள் வைக்க வேண்டும். மகள் அங்கிருந்து நாள் எண்ணினாள். நடுவில் ஒரு ஞாயிறு, "இங்க நேத்துதான் முதல் பனி விழுந்துச்சுப்பா. ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டிருந்தேன்" என்றாள். அவளுடைய வீட்டில் கதவைத் திறந்தால் தோட்டம். பனி விழுந்தால் வெளியே ஓடிப் போய் நின்று படம் எடுத்து அனுப்புகிறவள் அவள். எந்த ஜன்னல் என்று அவர் கேட்கவில்லை.

எண்பதாம் நாள் தொட்டிகளை வெளியே எடுத்தார்கள். பத்து நாளில் ஆறிலும் பச்சை ஈட்டிபோல் குருத்துகள் கிளம்பின. ஒன்றரை மாதத்தில் முழங்கால் உயரம். ஒரு காலை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஒரு செடியின் நடுக்குருத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். மற்றதெல்லாம் தட்டையாக இருக்க, இதில் உள்ளே ஏதோ உருண்டையாக நெருடியது. மனைவியைக் கூப்பிட்டார். அவளும் பிடித்துப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சொன்னதும் மகள் ஃபோனில் கத்திவிட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வீட்டில் இருந்த பழைய பெண் முழுசாக இருந்தாள். "பூத்தா உடனே படம் அனுப்புங்கப்பா. எனக்குத்தான் முதல்ல" என்றாள். ஃபோனை வைத்த பிறகும் அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பல் மருத்துவமனையில் சர்வீஸ். நாலு மெஷின். உள் யூனிட்டைத் திறந்து, காயில் என்கிற குழாய்ச் சுருளைக் கழுவும் கார மருந்தை அடித்து, அழுக்கு நுரைத்துக் கரைந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அந்தக் கழிவு டிரெயின் குழாய் வழியாகத்தான் வெளியே போகும். அதனால் மருந்து அடிக்கும் முன்பு கேனை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்து மறுநாள்தான் திரும்ப வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கு மூன்றாவது மெஷினுக்கு ஏணிமேல் ஏறி நின்ற பிறகுதான் கேன் குழாய்க்கடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் எடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். அப்புறம் கொட்டிவிடலாம் என்று நினைத்தார். கீழே இறங்கியபோது துணிக்கடையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். கடை முழுக்கக் கூட்டம், ஒரு மெஷின் நின்றுவிட்டது. நாலு கேன்களையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஓடினார். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை கேன்கள்.

ஞாயிறு காலை அவர் ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றியது மனைவி.

செவ்வாய்க்கிழமை இலை நுனிகள் கறுத்திருந்தன. வெயில் என்று நினைத்தார். மறுநாள் கறுப்பு பாதிவரை இறங்கியிருந்தது. அடியைத் தொட்டால் கொழகொழவென்றது. "நான்தான் அதிகமா ஊத்திட்டேன் போல" என்றாள் மனைவி. அவர் எழுந்துபோய்ச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த காலி கேன்களை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் நின்றார். விரலை உள்ளே விட்டுத் துடைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். வழவழவென்றிருந்தது. கேனை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார். திரும்பி வந்தபோது மனைவி அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தவர், "வேற மண்ணு மாத்திப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மாற்றினார். வேர்களை அலசி, கறுத்ததையெல்லாம் வெட்டி, புது மண்ணில் வைத்தார். கேன் கேனாக நல்ல தண்ணீர் விட்டார். மறுபடியும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். அது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டே பழகிய கைகள். இதில் கழற்றுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தாவது நாள் ஆறும் படுத்துவிட்டன. நடுக்குருத்து தடித்திருந்த செடி கடைசியாகச் சாய்ந்தது. மனைவி அதை வெட்டியெடுத்துச் சமையல் மேடைமேல் வைத்து, நகத்தால் உறை உறையாகப் பிரித்தாள். உள்ளே நாலு அரிசியைச் சேர்த்துச் சுருட்டிய அளவில், ஈரமாக, ஊதாவும் நீலமுமாக ஒன்று இருந்தது. மடிப்பு கலையாமல் இருந்தது. தாடி இல்லை. இருவரும் பார்த்தார்கள். பிறகு அவள் மேடையைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஃபோன் வந்தது. விரிந்துவிட்டதா என்று கேட்டாள் மகள்.

"இன்னும் இல்லம்மா" என்றார்.

அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு அவள் படம் கேட்டாள். முன்பு எடுத்ததில் அனுப்பாமல் விட்டது ஒன்றை அனுப்பினார். மொட்டு வந்தால் பத்து நாளில் விரிந்துவிடுமே என்று அவள் சொன்னதற்கு, வெயில் ஏறுகிறதல்லவா, அதனால் தாமதமாகிறது என்றார். பேசும்போது மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் ஃபோனை வைத்ததும் வாசற்படியில் வந்து நின்றாள்.

"எத்தன நாளைக்குங்க அத மொட்டாவே வச்சிருப்பீங்க?"

அவர், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, பல் மருத்துவமனை, ஏணி, முழங்கால் என்று இழுத்தார்.

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சாவது தொட்டிக்கு ஊத்தும்போது கையில பட்டுச்சு. வழவழன்னுச்சு. இருபத்தாறு வருஷம் காரத்துல கைய விட்டவளுக்குத் தெரியாதா?" ஆறாவது தொட்டிக்கு அதற்கு முன்பே அதே கேனிலிருந்து ஊற்றியாகிவிட்டதாம். உடனே குழாயைத் திறந்து, சுண்ணாம்போ என்னவோ போகட்டும் என்று, வாளி வாளியாக ஆறுக்கும் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நடக்க முடியாமல் கிடந்தது அதனால்தான். அவர் அப்போது அதற்குத் தைலம் தேய்த்துவிட்டிருந்தார்.

"அப்புறம் ஏன் அதிகமா ஊத்திட்டேன்னு சொன்ன?"

"ஊத்துனது நான்தானே. சொல்லியிருந்தா உங்க மூஞ்சிய யாரு பாக்கறது?" என்றாள். பிறகு, "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க என்னடான்னா நானே அதிகமா ஊத்தினதா இருக்கட்டும்னு விட்டுட்டீங்க" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போய் உலர்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவரும் போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவள் பிடிக்கவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, நாலரை மணிக்கே இருவரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூலையில் கண்ணாடிப் பெட்டி காலியாக, அணைந்து கிடந்தது. வெளியே தார் இளகும் வெயில். ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்கப்பா. விரிஞ்சுதா?"

"செடி போயிடுச்சும்மா" என்றார். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று, கேன், மருந்து, முழங்கால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அம்மா ஊற்றினாள், ஆனால் கேன் நான் வைத்தது என்றார். லைன் இருக்கிறதா என்று திரையைப் பார்த்தார். இருந்தது.

"ஆறுமா?"

"ஆறும்."

"எப்போப்பா?"

"ஒரு மாசம் ஆச்சு. படம் பழசு."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா, மூக்கை உறிஞ்சியதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் காதுக்கு எட்டிய சத்தம் ஒன்று இன்னதென்று புரியாமல் போனது அவருக்கு அநேகமாக இதுதான் முதல் தடவை.

"நானும் ஒண்ணு சொல்லலப்பா" என்றாள். "அந்த வீடு இல்ல இப்போ. நான் அங்க வந்தப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு. திரும்பி வந்த வாரமே தனியா வந்துட்டேன். ஒரு ரூமு, மூணாவது மாடி. செடி நல்லா இருந்திருந்தாலும் கொண்டு வந்து வைக்க எனக்கு மண்ணு இல்லப்பா."

மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கேட்காதீர்கள் என்பதற்காகவா, கேளுங்கள் என்பதற்காகவா என்று தெரியவில்லை. எப்போதும் நேராகக் கேட்டுவிடுகிறவள் இன்றைக்கு வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பி வந்துவிடு என்று சொல்லலாம். அதைப் போன தடவை அவள் வந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம். இங்கே வந்து நான் என்ன செய்வது என்று அவளே கேட்டால் இவர்களிடம் பதில் இல்லை.

அப்போதுதான், அவள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருப்பதை அவர் கவனித்தார். டக், டக்கென்று இரண்டு தட்டு. பிறகு உள்ளே ஏதோ உருண்டு ஓடுவதுபோல் ஒரு கொடகொடப்பு. பிறகு மறுபடி இரண்டு தட்டு.

"அங்க என்னம்மா சத்தம்?"

"ஹீட்டர்ப்பா. இரும்புக்குள்ள சுடுதண்ணி ஓடும். எப்பவும் இப்படித்தான் தட்டிக்கிட்டே இருக்கும். வீட்டுக்காரரு ஆள் அனுப்பறேன் அனுப்பறேங்கறாரு, மூணு வாரமா."

"சூடு வருதா?"

"பாதிதான் வருது. கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஃபோன அதுமேல வை" என்றார்.

நாற்காலி நகரும் சத்தம், துணி உரசும் சத்தம், பிறகு இரும்பில் ஃபோனை வைத்த சத்தம். டக், டக் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலைக்குமேல் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கையால் ஜாடை காட்டினார். மனைவி எழுந்துபோய் அதை அணைத்தாள். விசிறி மெதுவாகச் சுற்றி நின்றதும் வெக்கை நாலு பக்கத்திலிருந்தும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். இரும்பு தட்டுகிறது, தண்ணீர் ஓடுகிறது, எங்கோ காற்று மாட்டிக்கொண்டிருக்கலாம், மாட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம். இந்த ஊரில் யார் வீட்டிலும் இல்லாத மெஷின். அவர் ஆயுசில் ஒன்றைத் திறந்து பார்த்ததில்லை.

"தெரியுதாங்க?" என்றாள் மனைவி மெல்ல.

அவர் இல்லையென்று தலையசைத்தார். மூக்கு நுனியில் வேர்வை சேர்ந்து சொட்டியது.

தூரத்திலிருந்து மகளின் குரல் வந்தது. "என்னப்பா, ஏதாவது தெரியுதா?"

"தெரியலம்மா" என்றார். "எனக்குக் குளிரவைக்கிறதுதான் தெரியும். இது பழக்கமில்ல."

"பரவால்லப்பா. எடுத்துடட்டுமா?"

"வேண்டாம். கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்."

மனைவி தன் நாற்காலியை அவர் பக்கத்தில் ஒட்டிப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, தானும் காதைக் கொண்டுவந்து வைத்தாள். விசிறியைப் போடச் சொல்லி இருவருமே கேட்கவில்லை.